மரத்துக்கு விழுந்த தேமல்

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது. சிரட்டைக்குள் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் எங்களுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத நாளில் விறகுக்குப் போவோம். குருவிட்டைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த எங்கள் தோட்டத்தில் மழை நாட்கள்தான் அதிகம். ஆகவே காட்டை நான் நனைந்த காடாக மட்டுமே பார்த்திருக்கிறேன். காட்டின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும். அவர்கள் யாரும் இரண்டு காலிலும் அட்டை தொங்க, கழுத்து உள்ளே போகிற கனத்தில் ஈர விறகைத் தலையில் வைத்துச் சறுக்குப் பாதையில் இறங்கியவர்கள் அல்ல. எனக்குக் காடு என்றால் பயம். அன்றும் பயம், இன்றும் பயம்.

விழுந்து கிடக்கிற மரத்தின் அடிப்பக்கத்தில், மண்ணைப் பார்த்த பக்கத்தில், ஒரு படை வரும். காளானுக்கு இருப்பது போல் குடை இருக்காது, தண்டும் இருக்காது. யாரோ கஞ்சியை ஊற்றிக் காயவிட்ட மாதிரி மரத்தோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். சிலது சாம்பல் நிறம், சிலது செங்கல் நிறம், சிலது கத்தரிப்பூ நிறம். ஓரம் மட்டும் வெள்ளையாய், பஞ்சு பிரித்துவிட்டது போல இருக்கும். அந்த ஓரம்தான் வளர்கிற இடம். நாலு நாள் வெயில் அடித்தால் குதிகால் வெடிப்புப் போல வெடிக்கும். மழை விழுந்ததும் மறுபடி ஊறி மெத்தென்று ஆகிவிடும். தொட்டால் குளிர்ந்த தோலைத் தொட்ட மாதிரி இருக்கும். படித்தவர்கள் அதைப் பூஞ்சை என்கிறார்கள். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அதற்குத் தேமல் என்றுதான் பேர். முகத்தில் தேமல் விழுகிறது இல்லையா, அதே போல மரத்துக்கும் விழுகிறது.

விறகு பொறுக்குகிற எல்லாப் பெண்களுக்கும் தேமல் பார்க்கத் தெரியும். கத்தரிப்பூத் தேமல் மேலோடு போகும். உள்ளே மரம் கெட்டியாய் இருக்கும், காயவைத்தால் எரியும். பழுப்பாய் வெடித்ததையும் எடுக்கலாம். வெள்ளைத் தேமலை மட்டும் எடுக்கக் கூடாது. பால் மேலே ஆடை கட்டுகிற மாதிரி மெல்லிசாய் இருக்கும். மரம் வெளியே முழுசாய்த் தெரியும், பட்டைகூட இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. விரலால் அமுக்கினால் தேத்தண்ணியில் ஊறின பாண் ரொட்டி போலப் பிரியும். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அப்படி ஒரு மரத்தின் மேல் ஏறி நின்றேன். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. உள்ளே சூடாய் இருந்தது. என் பாதத்துக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. காலை இழுத்துக்கொண்டு வெளியே விழுந்த பிறகு அது என்னவென்று நான் பார்க்கவில்லை. அதிலிருந்து, கிடக்கிற எந்த மரத்தின் மேலும் அடியில் கைவிட்டுப் பார்க்காமல் நான் கால் வைத்ததில்லை.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். என் தங்கச்சிக்கு அப்போது வயிற்றில் ஏழு மாசம். அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். சண்டைக் காலம், தமிழ் ஆளை எங்கே பார்த்தாலும் போலீஸ் பிடிக்கிறது என்று அவன் கடையை விட்டு வெளியே வருவதில்லை. எட்டு மாசம் வரை வேலைக்குப் போவதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம், ஆகவே அவளும் போனாள். அவள் பால் வெட்டுகிற மலை, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடை என்று சொல்கிறேனே தவிர, அது இரண்டு ஆள் ஆழத்துக்குப் பாறையைக் குடைந்துகொண்டு ஓடுகிற தண்ணீர். அதற்குக் குறுக்கே ஓர் அல்பீசியா மரம் போட்டிருந்தார்கள். காற்றில் விழுந்த மரத்தை அப்படியே இழுத்துப் போட்டு, மேலே கொஞ்சம் செதுக்கி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மூங்கில் கட்டியிருந்தார்கள். சிங்களத்தில் இந்த ஒற்றை மரப் பாலத்துக்கு ஏதண்ட என்று பேர். நாங்களும் ஏதண்டை என்றுதான் சொல்வோம். தங்கச்சி விடிந்ததும் வெறும் வாளியோடு அதில் போவாள். பகலில் தலையில் ஒரு வாளி பால், கையில் ஒரு வாளி பால், முன்னால் வயிறு என்று அதிலேயே திரும்பி வருவாள்.

ரோட்டால் சுற்றிப் போகலாம். அரை மணி நேரம் கூட ஆகும். ஆனால் ரோடு வளைகிற இடத்தில் ஊர்காவல்படைக்காரர்களின் காவல் கொட்டில் இருந்தது. அங்கே தமிழ் ஆளாய் இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். தங்கச்சிக்கு அட்டை இல்லை. அவள் பிறந்தபோது பதிந்தவர் அவள் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துக் குழப்பி எழுதிவிட்டார். அதைத் திருத்த ரத்தினபுரிக்கு ஏழு தடவை அலைந்தோம். ஏழு தடவையும் வேறு ஒரு காகிதம் கொண்டு வரச் சொன்னார்கள். அட்டை இல்லாத தமிழச்சி அந்தக் காலத்தில் ரோட்டில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்துக்குக் கீழ் லயத்தில் ரேடியோ திருத்துகிற ஒருவரைக் காம்பராவில், அவர் குடியிருந்த அறையில், வயர் இருந்தது, குண்டு செய்யத்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு மாசம் கழித்துத்தான் வந்தார். வந்த பிறகு அவர் ரேடியோவைத் தொடவே இல்லை.

ஆக, அவளுக்கு அந்த மரம்தான் வழி.

ஒரு மழை நாளில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கட்டைகளைப் பொறுக்க ஓடைச் சரிவில் பாதி தூரம் இறங்கினேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஏதண்டையின் அடிப்பக்கம் தெரிந்தது. மேலே நடக்கிற யாருக்கும் தெரியாத பக்கம் அது. நடுவில் தொடங்கி எங்கள் கரை வரை, வெள்ளையாய், பாலாடை போல் படர்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் அதன் மேல் மினுமினுத்துச் சொட்டியது. நீளமான சுள்ளி ஒன்றை எடுத்துக் குத்தினேன். சத்தமே இல்லாமல் ஒரு சாண் உள்ளே போனது. இழுத்தபோது கூடவே வெள்ளை நாராய்க் கொஞ்சம் வந்தது.

 முந்தின நாள் பகல் அவள் இதன் மேல்தான் வந்தாள்.

நேரே கங்காணியிடம் போனேன்.

"ஏதண்டைக்குத் தேமல் விழுந்திருக்குங்க. வெள்ளைத் தேமலு. இன்னைக்கோ நாளைக்கோ இருக்கு."

"போன வருசந்தானேம்மா போட்டது. யானை நடந்தாலும் தாங்கும்."

"யானைக்கு இங்க என்னாங்க வேல? நடக்குறது எந்தங்கச்சி."

"நீ ஒண்ணு. தேமல் இல்லாத மரம் இந்தத் தோட்டத்துல ஏது? அப்புடிப் பாத்தா நம்ம லயத்துக் கூரையிலயும் இருக்குது. ஆபீஸுல சொல்லு போ."

ஆபீஸில் இருந்த கிளாக்கர் சிங்களவர். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். சண்டை போடவும் தெரியும். மரம் மக்கி உக்கிப் போச்சு என்பதற்கு அவர்கள் 'திரலா' என்பார்கள். அந்தச் சொல்லும் தெரியும். ஆனால் பயத்தில் வாய்க்கு வந்தது அது இல்லை. மனசுக்குள் தேமல், தேமல் என்றே ஓடிக்கொண்டிருந்தது. மனிதத் தோலில் வருகிற தேமலுக்குச் சிங்களத்தில் 'அளுஹம்'. அதை அப்படியே தூக்கிப் போட்டேன்.

"மாத்தயா, ஏதண்டைக்கு அளுஹம் வந்திருக்கு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற காவல்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அப்படியென்றால் மருந்து பூசு," என்றார் கிளாக்கர் சிங்களத்தில். "வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு. வேற யாருக்கும் ஒட்டிரப் போவுது." கடைசி இரண்டையும் தமிழிலேயே சொன்னார், எனக்கு நன்றாய் விளங்கட்டும் என்று.

'திரலா' என்று திருத்திச் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லைத் தப்பாய்ச் சொன்னது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சொல் தப்பென்றால் இருபது பேர் நடக்கிற மரத்தைப் போய்ப் பார்க்காமல் இருக்கலாம் என்பது யார் பிழை?

அன்று பின்னேரத்துக்குள் கதை தோட்டம் முழுக்க, அடிவாரக் கிராமம் முழுக்கப் பரவிவிட்டது. ஏதண்டைக்கு 'அளுஹம் பாலம்' என்று பேர் வந்தது. பால் நிறுக்கிற இடத்தில் பெண்கள், "என்னா அக்கா, எம்மூஞ்சிய கொஞ்சம் பாரு, உக்கிருச்சா?" என்று கன்னத்தைக் காட்டினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஆள் ஒருவன், புண்ணுக்கும் படைக்கும் போடுகிற ஊதா மருந்தை ஒரு போத்தல் கொண்டுபோய் ஏதண்டைக்குப் பூசிவிட்டான். அடியில் குனிந்து கை எட்டிய இடமெல்லாம் பூசியிருந்தான். "நீ கேட்ட வைத்தியம் பண்ணிட்டேன்," என்று என்னிடமே வந்து சொன்னான். நல்லவன்தான், சிரிக்க வைக்க நினைத்தான். ஆனால் அந்த ஊதா எல்லாவற்றையும் மூடிவிட்டது. வெள்ளை ஓரம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அதுவரை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அதுவும் தெரியாது.

தங்கச்சியிடம் சண்டை போட்டேன். அவளும் சிரித்தாள்.

"அக்காவுக்கு மரத்தப் பாத்தா டாக்டரு நெனப்பு வந்துருது."

"சிரிக்காத. ஒரு மாசம் வேலைக்குப் போவாத."

"அப்பறம்? காம்பராவுல குந்திக்கிட்டு ஒம் மூஞ்சியப் பாக்கவா?"

"ரோட்டால போ. நான் கூட வாறேன்."

அவள் சிரிப்பு நின்றது. "ரோட்டாலயா? அக்கா, அந்த மரம் விழுந்தா ஓடையில கெடப்பேன். வந்து தூக்கிருவீங்க. அங்க புடிச்சா நா எங்க கெடப்பேன்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. 

ஏதண்டையின் இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டேன். மறுநாள் காலை முதல் ஆளாய்ப் போனவர் அதைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். மறுபடி போட்டேன், மறுபடி தள்ளினார்கள். என்னை ஏசினார்கள். அந்த நாட்களில் நான் என் மரங்களில் எப்படிப் பால் வெட்டினேன் என்று தெரியாது. கத்தி பட்டைக்குள் ஆழமாய் இறங்கி மரத்தைக் காயப்படுத்திக் கங்காணியிடம் திட்டு வாங்கினேன். காது முழுக்க ஓடைப் பக்கமே இருந்தது. பகலில் அவள் வாளிச் சத்தம் இந்தக் கரையில் கேட்ட பிறகுதான் என் பாலை எடுத்துக்கொண்டு நிறுக்கப் போவேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. அது எனக்கு முதல் நாளே தெரியும். அந்த மரத்தை நானே வெட்டி விழுத்த வேண்டும்.

சொல்ல லேசாய் இருக்கிறது. அந்த வருஷங்களில் பாலம் என்ற சொல்லைச் சத்தமாய்ச் சொல்லவே எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். எங்கேயோ குண்டு வைத்துப் பாலம் தகர்ந்தது என்று ரேடியோவில் சொன்னால், குருவிட்டைக் கடைத்தெருவில் எங்களைப் பார்க்கிற பார்வை மாறும். அப்படி இருக்கும்போது ஒரு தமிழச்சி கோடாலியோடு பாலத்தை வெட்டினாள் என்று சொன்னால், அது உக்கின மரமா நல்ல மரமா என்று யார் கேட்கப் போகிறார்கள்? இன்னொன்றும் இருந்தது. மரம் போனால் தங்கச்சிக்கு ரோடுதான். அவளை ஒரு பயத்திலிருந்து எடுத்து இன்னொரு பயத்தில் போடப் போவது நான்தான். நாலு நாள் இதையே நினைத்தேன். ஐந்தாம் நாள் காலையிலிருந்தே மழை. வெட்டு இல்லை. எல்லோரும் காம்பராவுக்குள் கிடந்தார்கள். உர சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, விறகுக்குப் போகிறவளாய்க் கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். இருட்டிக்கொண்டு பெய்தது. கரையில் காலை ஊன்றி, மரம் மண்ணில் உட்கார்ந்திருந்த முனையில் ஒரு போடு போட்டேன். சத்தம் வரவில்லை. கோடாலி சேற்றில் விழுந்த மாதிரி புதைந்தது. இரண்டாவது போட்டேன். மூன்றாவது போடுவதற்குள் மரம் ஒரு பெருமூச்சு விட்டது. நடுவில் மடிந்தது. மூங்கிலையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குள் போனது. தண்ணீர் அதை இரண்டாய் உடைத்துப் பாறையில் அடித்துக்கொண்டு போயிற்று.

ஒரு மனிதரைக்கூடத் தாங்கியிருக்கக் கூடாத மரம் அது. முந்தின நாள் பகல் வரை எப்படித் தாங்கியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கரையில் தங்கிய துண்டைக் கையில் எடுத்தேன். பிழிந்தேன். துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் வந்தது.  நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டதே என்ற சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. அவள் வயிறுதான் கண்ணுக்குள் வந்தது.

நிமிர்ந்தேன். அந்தக் கரையில் ஓர் ஆள் நின்றார். கித்துள் மரம் ஏறிப் பதநீர் இறக்குகிற சிங்களக் கிராமத்துக்காரர். தோளில் முட்டிப் பானை, இடுப்பில் கத்தி. எவ்வளவு நேரமாய் நின்றார் என்று தெரியாது. என்னைப் பார்த்தார், கோடாலியைப் பார்த்தார், வெறும் ஓடையைப் பார்த்தார்.  திரும்பி மழைக்குள் போய்விட்டார்.

அன்று முழுக்க ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் ஜீப்பாய்த்தான் கேட்டது. பாலம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். "அளுஹம் முத்திருச்சு," என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பிழிந்தபோது ஊதா மருந்து விரல்களில் ஏறியிருந்தது. சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன், தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தேன். போகவில்லை.

மறுநாள் வெளுத்திருந்தது. வெட்டு உண்டு. தங்கச்சி வாளியோடு வாசலில் நின்றாள். இருவரும் ரோட்டுக்கு ஏறினோம். காவல் கொட்டிலில் அன்று இருந்தது ஒருவன்தான். தாடிகூடச் சரியாய் முளைக்காத வயது, மடியில் துவக்கு. அந்த வயதுக்காரனை மாத்தயா என்று, ஐயா என்று, கூப்பிட எனக்கு எப்போதும் எரியும். கூப்பிட்டேன்.

கையை நீட்டினான். என் அட்டையைக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் உறைத்தது, அட்டையைப் பிடித்திருந்த ஐந்து விரலும் ஊதா. இழுத்துக்கொள்ளவும் முடியாது. தங்கச்சி எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"இந்தப் பக்கம் வர மாட்டீங்களே. ஏதண்டைக்கு என்ன ஆச்சு?" என்று சிங்களத்தில் கேட்டான்.

மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லத்தான் வழியெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் மறுபடி அந்தச் சொல்தான் வந்தது.

"அளுஹம், மாத்தயா."

அவன் என் விரல்களைப் பார்த்தான். நிதானமாய்ப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"ஒயாட்டத்?" என்றான். உனக்குமா?

சொல்லிவிட்டுச் சிரித்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். தங்கச்சியின் வயிற்றையும் வாளியையும் ஒரு தடவை பார்த்து, போ என்று தலையை ஆட்டினான். அவளிடம் அட்டை கேட்கவில்லை.

கித்துள்காரர் அவனிடம் சொல்லியிருந்தாரா, அல்லது ஊரெல்லாம் சிரித்த கதைக்குத்தான் அவனும் சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. பிறகும் தெரியவில்லை. பலர் அவனை நல்லவன் என்பார்கள். இருக்கலாம். ஒருவனுக்குச் சிரிப்பு வந்ததால் என் தங்கச்சி வேலைக்குப் போக முடிந்தது. நாளைக்கு அவனுக்குச் சிரிப்பு வராவிட்டால்? நாளைக்கு அங்கே வேறு ஒருவன் இருந்தால்? அவள் எட்டு மாசம் முடிந்து வேலையை நிறுத்தின நாள் வரை, வெட்டு இருந்த ஒவ்வொரு காலையும் நான் அவளோடு அந்த ரோட்டில் நடந்தேன். ஒவ்வொரு காலையும் வெள்ளைத் தேமல் மரத்தின் மேல் கால் வைக்கிற மாதிரிதான் வைத்தேன்.

அன்று வளைவு திரும்பிக் கொட்டில் மறைந்ததும் தங்கச்சி நின்றாள்.

"நீதானே?"

"வாய மூடிக்கிட்டு நட."

அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள்.

"கோடாலிக் காம்புலயும் ஊதா ஒட்டியிருக்கு," என்றாள். "நா அடுப்புல வச்சுட்டேன். வேற காம்பு போட்டுக்க."